எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னை அக்கா என்று கூப்பிட்டாள். எங்களுக்குள் நாலைந்து வயது வித்தியாசம் இருந்தால் அதிகம். ஆபீசில் என்னை மேடம் என்பார்கள், ஸ்டோர்ஸில் இருந்த பெரியவர் மட்டும் அம்மா என்பார். அக்கா என்று யாரும் சொன்னதில்லை. மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனாலும் என்னைத் தூக்கிப் பழைய ஆட்களின் வரிசையில் உட்கார வைத்துவிட்ட மாதிரி எனக்குப் பட்டது. அன்று சாயங்காலம் ரயிலில் நின்றுகொண்டு வரும்போதும் அந்த ஒரு சொல்லையே மென்றுகொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ இருக்கும். தாம்பரம் சானடோரியத்தில் இருந்த ஏற்றுமதி வளாகத்துக்குள் எங்கள் கம்பெனி. வால்வுக்கான உதிரிபாகங்கள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். கீழே மிஷின்கள், மேலே ஆபீஸ். கம்ப்யூட்டர் சம்பந்தமாக யாருக்கு என்ன தொல்லை என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் பல்லாவரம் வந்து, அங்கிருந்து ரயில் பிடிப்பேன். அவள் மேடவாக்கத்திலிருந்து சொந்த ஸ்கூட்டரில் கேம்ப் ரோடு வழியாக வருவாள். அதற்கு முன் ஓ.எம்.ஆர் சாலையில் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தவள். அங்கிருந்து எங்கள் கம்பெனிக்கு ஏன் வந்தாள் என்று எல்லாரும் பேசினார்கள். நான் பேசவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது ஆபீசில் ஒவ்வொருவருக்கும் பாஸ்வேர்டு மட்டும் நாலைந்து இருக்கும். கம்ப்யூட்டரைத் திறக்க ஒன்று, மெயிலுக்கு ஒன்று, லீவு போட ஒன்று, பர்ச்சேஸ் மென்பொருளுக்கு ஒன்று. குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், பழையதைத் திரும்ப வைக்கக் கூடாது. ஆகவே மறப்பார்கள். திங்கட்கிழமை காலையில் நான் பையை மேஜையில் வைப்பதற்குள் இரண்டு பேர் நின்றுகொண்டிருப்பார்கள்.

"எம்மா, லீவு போடலாம்னு பாத்தா இன்னாமோ செவப்புல எழுதிக் காட்டுது. இன்னான்னு பாரேன்" என்பார் ஸ்டோர்ஸ் பெரியவர்.

"போன வாரம்தானே சார் மாத்திக் கொடுத்தேன்."

"அது போன வாரம்மா."

புதியதைப் போட்டுக் கொடுக்கச் சில நிமிடம் ஆகும். அந்தச் சில நிமிடத்தில் அவர்கள் என் மேஜை ஓரத்தில் சாய்ந்துகொண்டு பேசுவார்கள். யாருடைய பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது, பெரும்பாக்கம் பக்கம் யார் மனை பார்க்கிறார்கள், யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்றெல்லாம் எனக்குத் தெரிந்தது இப்படித்தான். அக்கவுன்ட்ஸில் இருந்த அம்மா முறுக்கு சுட்டால் முதல் டப்பா எனக்கு வரும். கல்யாணப் பத்திரிகை வைப்பவர்கள் மேனேஜருக்கு வைத்த கையோடு என்னிடம் வருவார்கள். என் சம்பளம் பெரியதில்லை, பதவியும் பெரியதில்லை. ஆனால் அந்த மாடியில் நான் இல்லாமல் ஆகாது என்ற எண்ணம் எனக்குள் நன்றாக ஊறிப்போயிருந்தது.

லீவு மென்பொருளை மாற்றி, வெளியே வேறொரு கம்பெனியின் சர்வரில் ஓடுகிற ஒன்றை வாங்கினார்கள். அப்போதுதான் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். எங்கள் பிரிவில் இருந்தது நாங்கள் நாலு பேர்தான்.

"கேட்ல ஒரு தடவை ஐடி கார்டைக் காட்டிட்டு உள்ள வர்றோம். அப்புறம் ஒவ்வொரு ரூம்லயும் மறுபடி காட்டச் சொன்னா எப்படி இருக்கும்? காலைல கம்ப்யூட்டரைத் திறக்கறப்ப ஒரே பாஸ்வேர்டு. அதுக்கப்புறம் லீவோ வேற எதுவோ, கேக்காமத் தானா திறக்கணும். சிங்கிள் சைன் ஆன். முதல்ல இந்தப் புது மென்பொருள்ல ஆரம்பிக்கலாம்."

இந்த விஷயத்தைப் பற்றி நான் முன்பே படித்திருந்தேன். வீட்டில் இன்டர்நெட் கிடையாது. மதிய சாப்பாட்டு நேரத்தில் ஆபீசிலேயே தேடித் தேடிப் படித்து, அச்செடுத்துக் கோப்பு போட்டு வைத்திருந்தேன். இது எனக்குத்தான் வரும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மேனேஜர் அவளைப் பார்த்தார். "நீ அங்க இதைச் செஞ்சிருக்க இல்ல?"

"டீம்ல இருந்தேன் சார். முழுசா நான் செய்யல."

"போதும். நீயே எடுத்துக்கோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க எப்பவும் போல ஹெல்ப்டெஸ்க்கைப் பாத்துக்குங்க. அது உங்களை விட்டா இங்க யாருக்கும் வராது."

பாராட்டு மாதிரியே சொன்னார். நானும் சிரித்தேன். உள்ளே யாரோ கொள்ளிக்கட்டையை வைத்த மாதிரி இருந்தது. அவர் அவளை 'நீ' என்று கூப்பிட்டதும் என்னை 'நீங்க' என்று கூப்பிட்டதும்கூட எனக்கு உறுத்தியது. என்னைவிட அவள் அவருக்கு நெருக்கமாகிவிட்டாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் அவளைப் பார்த்த மாதிரி என் கணவரைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். என்ன சுடிதார் போடுகிறாள், எந்த டப்பாவில் சாப்பாடு கொண்டு வருகிறாள், டைப் செய்யும்போது கீபோர்டைக் குனிந்து பார்க்கிறாளா என்றெல்லாம் எனக்கு அத்துப்படி. பார்க்க மாட்டாள். நான் பார்ப்பேன். மேனேஜர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்க்கும்போது என் காது அங்கேயே இருக்கும். மென்பொருள் கம்பெனிக்காரர்களிடம் அவள் போனில் இங்கிலீஷில் பேசினால், எந்த இடத்தில் தடுமாறுவாள் என்று காத்திருப்பேன். தடுமாறியதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தடுமாறினால், "சாரி, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று தயங்காமல் கேட்டுவிடுவாள். நான் என்றால் புரிந்த மாதிரித் தலையாட்டிவிட்டு அப்புறம் தவிப்பேன். அவளுக்கு அந்தத் தவிப்பு இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டிலும் இதே பேச்சுதான். என் கணவர் பம்மலிலேயே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். நோட்டுகளைத் திருத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தப் பொண்ணு இன்னைக்கு என்ன கலர் போட்டிருந்தா?"

"பச்சை. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன். நான் காலைல என்ன சட்டை போட்டுட்டுப் போனேன்னு சொல்லு பாக்கலாம்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் பெரிதாகச் சிரிக்கவும் இல்லை, திரும்ப நோட்டை எடுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. அது அவர் மேல் வந்த கோபம் இல்லை.

அவள் வேலை முன்னேறிக்கொண்டிருந்தது. இவர் எங்கள் ஆள்தான் என்று எங்கள் ஆபீஸ் சர்வர் உறுதி சொல்ல வேண்டும், வெளியில் இருக்கும் மென்பொருள் அதை நம்பிக் கதவைத் திறக்க வேண்டும். நம்புவதற்கு அத்தாட்சியாக எங்கள் சர்வரின் சர்ட்டிபிகேட் என்கிற நீண்ட எழுத்துத் தொகுப்பைக் காப்பி செய்து அந்த மென்பொருளின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றினாள். தன் பெயரிலும் மேனேஜர் பெயரிலும் சோதித்துப் பார்த்தாள். முதல் நாள் திறக்கவில்லை. அன்று எனக்கு மதியச் சாப்பாடு ருசித்தது. மறுநாள் திறந்துவிட்டது. மேனேஜர் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "வெரி குட்" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க ஹெல்ப் இல்லாம இது முடியாது. நம்ம சர்வர்ல இருக்கற மெயில் ஐடியும் அந்த மென்பொருள்ல இருக்கற மெயில் ஐடியும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். நிறைய பேருக்கு ஒத்துப்போகல. எச்.ஆர்ல ஏத்தறப்பவே தப்பா ஏத்திட்டாங்க போல. யார் யாருன்னு எனக்குத் தெரியல."

எனக்குத் தெரியும். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். அதில் இனிஷியல் எஸ். போடுபவர் டிராயிங் பிரிவு, கே. போடும் இருவரில் ஒருவர் ரிசைன் செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். ஒருவர் பெயரில் ஒரு 'எச்' அதிகம், நியூமராலஜி பார்த்துச் சேர்த்துக்கொண்டது. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிய பெண்கள் இருந்தார்கள், மாற்றாதவர்களும் இருந்தார்கள். நான் சொல்லச் சொல்ல அவள் திருத்திக்கொண்டே வந்தாள். நடுவில் அந்த நியூமராலஜிக்காரர் கதையைச் சொன்னேன். 'எச்' சேர்த்த மாசமே அவர் பைக் தொலைந்துபோனதைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். டீ வந்தது, இரண்டு பேரும் குடித்தோம். அந்த மதியம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை நினைத்தால் பிறகு எரிச்சலாக வந்தது. இவ்வளவு தெரிந்த என்னை விட்டுவிட்டு இவளிடம் ஏன் கொடுத்தார்கள் என்று மறுபடி அங்கேயே வந்து நின்றேன்.

திங்கட்கிழமை காலையில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். நான் போகும்போது என் மேஜைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அவரவர் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். "கேக்கவே இல்லப்பா, நேரா உள்ள போயிடுச்சு" என்று அங்கங்கே பேச்சு. அக்கவுன்ட்ஸ் அம்மா ஒரு நாள் லீவே போட்டுப் பார்த்துவிட்டு, அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார். மேனேஜர் காபி கோப்பையோடு ஒவ்வொரு மேஜையாகப் போய்க்கொண்டிருந்தார்.

நானும் என் கம்ப்யூட்டரைத் திறந்து லீவு மென்பொருளைச் சொடுக்கினேன். வெள்ளைப் பக்கம் ஒன்று வந்தது. இப்படி ஒரு பயனாளர் இல்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி. திரும்பச் சொடுக்கினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அதே வரி.

ஸ்டோர்ஸ் பெரியவர் சந்தோஷத்தைச் சொல்ல மேலே ஏறி வந்திருந்தார். "எம்மா, எனுக்கே தொறந்துக்குச்சு" என்று ஆரம்பித்தவர் என் திரையைக் குனிந்து பார்த்தார். "இன்னா, உனுக்குத் தொறக்கலியா? ஊருக்கெல்லாம் நீதான தொறந்து வுடுவ."

அவர் விளையாட்டாகச் சொன்னார். பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். மேனேஜர் திரும்பிப் பார்த்தார். மொத்த ஆபீசும் உள்ளே போய்விட, நான் ஒருத்தி மட்டும் வாசலில் நிற்கிறேன். அவள் வேண்டுமென்றே செய்திருப்பாளோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

அவள் எழுந்து வந்தாள். சிரிக்கவில்லை. என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். "அக்கா, வெள்ளிக்கிழமை எல்லாரையும் பாத்தோம். உங்களைப் பாக்கலை."

நான் சேர்ந்தபோது அப்பாவின் இனிஷியலோடு ஆர். என்று மெயில் ஐடி கொடுத்தார்கள். கல்யாணமான பிறகு எச்.ஆரில் சான்றிதழ் கேட்டார்கள், கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் எம். என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் சர்வரில் மாற்ற வேண்டியவள் நான்தான். மாற்றவில்லை. எம். என்ற முகவரிக்கு வருவதையெல்லாம் பழைய பெட்டிக்கே திருப்பிவிட்டுவிட்டு அத்தோடு விட்டுவிட்டேன். சோம்பல் பாதி. மீதியை யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஆர். போட்டு எழுதினால்தான் என் பெயரைப் பார்த்தால் என் பெயர் மாதிரி இருக்கும்.

"எது வெக்கட்டும்க்கா? ஆரா, எம்மா? எதுவானாலும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தாப் போதும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். மேனேஜர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவசரம் இல்ல, யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். பிறகு கீபோர்டைப் பார்த்துக்கொண்டே, "போன கம்பெனில எனக்கும் வேற இனிஷியல்தான். இங்க சேர்றப்ப பழசையே கொடுத்துட்டேன்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, பழசு என்றால் அவள் அப்பாவின் இனிஷியல். மேடவாக்கம் வீட்டில் அவள் யாரோடு இருக்கிறாள் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஓ.எம்.ஆர் வேலையை ஏன் விட்டாள் என்று ஊரே பேசிய கேள்விக்கும் விடை அதற்குள்தான் இருந்தது. அவள் சுடிதாரின் கலர்வரை தெரிந்து வைத்திருந்த எனக்கு இது தெரியாமல் போயிருந்தது.

"ஆர். போடு" என்றேன்.

போட்டாள். உள்ளே போனேன். ஸ்டோர்ஸ் பெரியவர், "அப்பாடா" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அன்று வீட்டில் கணவரிடம் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் பயமாக இருந்தது. அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "சம்பளம் வர்ற பேங்க் அக்கவுன்ட்ல என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"ஆர்."

"அப்ப அதையே வெச்சுக்கோ. ரெண்டு இடத்துல ரெண்டு பேரு எதுக்கு?" அவ்வளவுதான். நான் இத்தனை வருடம் தயங்கியதை அவர் ஒரு கணக்கைப் போல முடித்துவிட்டார்.

இதற்குப் பிறகு அவள் மேல் எனக்கு இருந்த பொறாமை போய்விட்டது என்று சொன்னால் நன்றாக இருக்கும். போகவில்லை. அவள் வீட்டுக் கஷ்டம் ஓரளவு புரிந்த பிறகும் அது அப்படியே இருந்தது, இன்னும் கொஞ்சம் கூடியது என்றுகூடச் சொல்லலாம். ஏனென்றால் இப்போது அவளை வெறுக்க எனக்குக் காரணமும் இல்லை. திங்கட்கிழமைகளில் அநேகமாக யாரும் வரவில்லை, அதிகம் மறந்தது லீவு பாஸ்வேர்டைத்தான். பையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். யார் வீட்டில் என்ன விசேஷம் என்பது எனக்குக் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. ஒரு நாள் அவள் மேஜையில் எவர்சில்வர் டப்பா ஒன்றைப் பார்த்தேன். எந்த வீட்டு டப்பா என்று மூடியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவள் அதை என் பக்கம் நீட்டி, "எடுத்துக்கோங்கக்கா" என்றாள். ஒரு முறுக்கு எடுத்தேன்.

மழைக்காலம் வருவதற்குள் அவளை பெங்களூரில் இருந்த தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எல்லாக் கிளைகளுக்கும் இதே ஏற்பாட்டைச் செய்து கொடுக்க வேண்டுமாம். மேனேஜர் கேக் வெட்டச் சொன்னார். அவள் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவதுன்னா போன் பண்ணுங்கக்கா" என்றாள். பண்ணவே கூடாது என்று அந்த நிமிடமே முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த மாதம் பர்ச்சேஸ் மென்பொருளையும் இதோடு இணைக்க வேண்டும் என்றார் மேனேஜர். "நீங்க பாத்துடறீங்களா?" என்று என்னைக் கேட்டார். இது தெரிந்த வேறு ஆள் இல்லாததால்தான் கேட்கிறார் என்று தெரிந்தும் சரி என்றேன். முன்பு அச்செடுத்து வைத்திருந்த கோப்பை எடுத்துப் படித்தேன், அவள் செய்து வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். சர்ட்டிபிகேட்டை ஏற்றினால் அந்த மென்பொருள் ஏற்க மறுத்தது. ஒரு முழுப் பகலும் போராடினேன். மறுநாள் மதியம் மாடிப்படிக்குப் போய் நின்றுகொண்டு அவளுக்குப் போன் செய்தேன்.

"எனக்கும் இதே வந்துச்சுக்கா. முதல் நாள் திறக்கல, ஞாபகம் இருக்கா? காப்பி பண்றப்ப கடைசி வரி விட்டுப்போயிருக்கும். முடியற இடத்துல வர்ற கோடுங்களோட சேத்து எடுங்க."

அது திறக்காத நாளில் நான் ருசித்துச் சாப்பிட்டது ஞாபகம் வந்தது.

"அங்க எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"குளுருதுக்கா. வேலை நிறைய. இங்க எனக்குன்னு ரெண்டு பசங்களைப் போட்டிருக்காங்க." பிறகு, "அக்கவுன்ட்ஸ் மேடம் எப்படி இருக்காங்க? அவங்க பொண்ணுக்கு அமைஞ்சுடுச்சா?" என்று கேட்டாள்.

அமைந்துவிட்டது என்றேன், மாப்பிள்ளை யார் என்பதையும் சொன்னேன். அவள் அதை ஆர்வமாகக் கேட்டாள். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் படியிலேயே நின்றேன். அவளுக்குக் கீழே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்பது பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது. அவள் சொன்னது சரியாகவும் இருக்கும் என்று தெரிந்தது.

சரியாகத்தான் இருந்தது. கடைசி வரியைச் சேர்த்து ஏற்றியதும் ஏற்றுக்கொண்டது. இரண்டு நாளில் எல்லாருக்கும் திறந்துவிட்டேன். கேக் இல்லை, யாரும் காபி கோப்பையோடு சுற்றி வரவில்லை. பர்ச்சேஸில் இருந்தவர் ஒருவர் மட்டும் சாயங்காலம் போகிற வழியில் என் மேஜை அருகே நின்றார்.

"மேடம், இன்னைக்கு பர்ச்சேஸ்ல பாஸ்வேர்டே கேக்கலையே. ஏதாவது மாத்தினீங்களா?"

"ஆமா" என்றேன்.

"நீங்களா பண்ணீங்க?"

"நான்தான் பண்ணேன்."

"நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போனார். நான் திரும்பவும் ஒருமுறை அந்தப் பக்கத்தைச் சொடுக்கி, அது கேட்காமல் திறப்பதைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தேன்.